மூடியா, சாக்கா? ஆப்பிரிக்காவுல இருக்குற கானா நாட்டுக் கலைஞர்கள் ரெண்டு பேரு

எல் அனட்சுய், இப்ராஹிம் மஹாமா, இதுல யாரோட படைப்பை முதல்ல பாக்கலாம்னு குழம்புறவங்களுக்கு, ரெண்டு பேருமே கானால பொறந்தவங்கதான், ஆனா வழி வேற.

பொருள்: அனட்சுய்க்கு சாராய பாட்டில் மூடி, தட்டி மடிச்சு செம்புக் கம்பியால கோர்ப்பாங்க. மஹாமாவுக்கு கோகோ ஏத்துன பழைய சணல் சாக்கு, ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைப்பாங்க.

எவ்ளோ நாள் தாங்கும்: மூடியோட அலுமினியம் லேசுல கெடாது. சாக்கு கிழியும், ஆனா அந்தக் கிழிசலும் ஒட்டுப்போட்ட தையலும்தாங்க அதோட உயிரே!

நாடுங்குற கேள்வி: ஐரோப்பாக்காரன் சாராயத்தைக் கொண்டாந்து அடிமை வியாபாரம் பண்ணதை மூடி ஞாபகப்படுத்துது, ஆனா தூரத்துல பாத்தா தங்கச் சேலை மாதிரி மின்னுறதால அந்த வலி உடனே தெரியாது. சாக்கு அப்படி இல்ல, கானா கோகோன்னு முத்திரை இருக்கும், ஆனா சாக்கு நெய்தது ஆசியாவுல, கோகோ போனது வெளிநாட்டுக்கு, அப்ப 1957ல கானாவுக்கு வந்த சுதந்திரத்துல சுமை தூக்குனவனுக்கு என்ன மிஞ்சுச்சுன்னு நேரா கேக்குது.

இத்தாலியில நடக்குற பெரிய கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேல, 2015ல மஹாமாவோட படைப்பு இருந்துச்சு, அதே வருஷம் அங்க அனட்சுய்க்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கிடைச்சுது.

அழகு வழியா உள்ள போகணும்னா அனட்சுய். உழைப்பு, வியாபாரம், யாரோட நாடுன்னு யோசிக்கணும்னா மஹாமா, என் ஓட்டு இவருக்குத்தான்.