கருக்கிய சுகிப் பலகையா, சிமெண்ட் பலகையா? வெளிச்சுவருக்கு எது நல்லது

ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலோரத்தில் ஒகயாமா, ககவா பகுதிகளின் பழைய தெருக்களில் நடந்தால் வீட்டுச் சுவர்கள் கன்னங்கரேல் என்று நிற்கும். அது வண்ணப்பூச்சு அல்ல, கரி. சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் பலகையில் ஒரு முகத்தைத் தீயில் கருக்கி, அந்த முகம் வெளியே தெரிய அறைகிறார்கள். ஜப்பானியர் இதை 'யாகிசுகி' என்கிறார்கள். யாகி என்றால் சுட்டது. வெளிநாட்டுக் கடைகளில் புழங்கும் 'ஷோ சுகி பான்' என்ற பெயர் அதே எழுத்துகளைத் தவறாகப் படித்ததால் வந்தது. பெயர் மாறியது பெரிய விஷயமில்லை. அந்தப் பெயரில் விற்கப்படும் பொருளும் பல இடங்களில் மாறிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

பழைய முறையில் மூன்று பலகைகளை முக்கோணக் குழாய் போலச் சேர்த்துக் கட்டுவார்கள். அடியில் மரச்சீவலையோ கசக்கிய தாளையோ செருகிக் கொளுத்தி, குழாயை நிமிர்த்திவிட்டால் அதுவே புகைபோக்கி ஆகிவிடுகிறது. காற்று கீழிருந்து இழுக்க, உள்முகங்கள் மூன்றும் ஒன்றையொன்று சூடேற்றிக்கொண்டு எரிகின்றன. சில நிமிடங்களில் உச்சியில் தீ சீறும். உடனே கட்டை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி அணைக்கிறார்கள். ஆறிய பலகையில் முதலைத் தோல் போல வெடித்த கரிப்படலம், ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனத்தில், நிற்கிறது.

இப்போது அதிகம் விற்பது எரிவாயு பர்னரால் மேலாகக் கருக்கியது. கரி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரேகைகள் எடுப்பாகத் தெரிய எண்ணெய் பூசுகிறார்கள். கையில் ஒட்டாது, பார்க்க அழகு. ஆனால் மரத்தைக் காக்க வேண்டிய கரியையே தேய்த்து எடுத்த பிறகு, காக்கிற வேலை முழுவதும் எண்ணெயின் தலையில் விழுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். எண்ணெய் பூசிய சாதாரணப் பலகைக்கும் இதற்கும் நிறத்தைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன்.

கனமான கரி என்ன செய்கிறது? பூஞ்சைக்கு அங்கே தின்ன ஒன்றும் இல்லை. மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளை வெயில் சிதைக்கும், கரியை அசைக்காது. கடலோர உப்புக்காற்றில் தகரம் துருப்பிடிக்கும், கரிக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் பலகையின் பின்முகம் கருகாத வெறும் மரம்தான். பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓட இடைவெளி விடாவிட்டால் பின்னாலிருந்து உளுத்துவிடும். வைரம் பாய்ந்த பலகையா, வைரம் பாயாத வெளிப்புற வெள்ளைப் பகுதியா என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒருமுறை எரிந்த மரம் மறுபடி எரியாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கரிப்படலம் தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஜப்பானில் நெருக்கமான நகர்ப் பகுதிகளில் அறைகிற மரப்பலகைக்குப் பின்னால் தீத்தடுப்பு அடுக்கு தேவைப்படுகிறது.

இங்கேதான் நார் கலந்த சிமெண்ட் பலகை முந்துகிறது. இன்றைய ஜப்பானிய வீடுகளில் பெரும்பாலானவற்றின் வெளிச்சுவர் இதுதான். தீ தாங்கும், விலை குறைவு, விரைவில் அறைந்து முடிக்கலாம். ஆனால் மூட்டுகளில் அடைத்த ரப்பர் போன்ற பசை வெயிலில் வெடிக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டி, பசையை மாற்றி, வண்ணம் பூச வேண்டும். அதன் ஆயுள் முடிந்தால் குப்பைமேடு. சிமெண்ட் தயாரிப்பில் வெளியேறும் கரியமில வாயுவும் கணக்கில் சேரும். யாகிசுகியில் கெட்ட பலகையை மட்டும் கழற்றி வேறொன்றை அறையலாம்.

கருக்காத வெறும் சுகியும் ஒரு நல்ல வழிதான். கூரை நன்றாக வெளியே நீண்டிருந்தால் அது வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறி அமைதியாக மூப்படையும். மழை சாய்ந்தடிக்கும் சுவரில் மட்டும் அதை நம்பமாட்டேன்.

சூழல் பார்வையில் எனக்கு முக்கியமானது மரம் எங்கிருந்து வருகிறது என்பது. போருக்குப் பின் ஜப்பான் மலைமலையாக சுகி நட்டது. அவை முற்றி நிற்கின்றன. வசந்தத்தில் அந்த மகரந்தம் நாட்டையே தும்ம வைக்கிறது. அருகிலுள்ள அந்தக் காட்டை வெட்டிப் பயன்படுத்தி, மறுபடி நடுவதற்கு யாகிசுகி ஒரு வழி தருகிறது. அந்தப் பலகையைக் கப்பலில் ஏற்றி உலகைச் சுற்றிக் கொண்டுபோனால் இந்த நியாயம் பாதி கரைந்துவிடுகிறது. இந்தியாவில் டார்ஜிலிங் மலைகளில் 'துப்பி' என்ற பெயரில் வளர்வது இதே சுகிதான். அங்கே கட்டுகிறவர் ஜப்பானிலிருந்து பலகை வரவழைக்க வேண்டியதில்லை.

செட்டோ உள்நாட்டுக் கடலில் உள்ள நவோஷிமா தீவில் 1999-இல் தடாவோ ஆண்டோ கட்டிய மினாமிதெரா என்ற கலைக்கூடம், சுற்றியுள்ள பழைய வீடுகளைப் போலவே கருக்கிய பலகையைப் போர்த்தி நிற்கிறது. கான்கிரீட்டுக்குப் பேர்போன கட்டடக்கலைஞர் அந்தத் தெருவில் அந்தப் பலகையை எடுத்ததில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கனமான கரி விரலில் ஒட்டும், சட்டையில் ஒட்டும். அதனால் நான் கட்டினால் வாசல் பக்கமும் திண்ணைப் பக்கமும் மட்டும் தேய்த்த பலகை வைப்பேன். மழையும் வெயிலும் நேராக அடிக்கிற சுவர்களில் தூரிகை படாத கரியை அப்படியே விட்டுவிடுவேன்.