'பை'யா, 'அன்டில்'லா? நம் 'மட்டும்' செய்யும் குழப்பம்

"வெள்ளிக்கிழமை மட்டும் டைம் இருக்கு, போர்மை அனுப்புங்க." மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்கும்; இங்கே 'மட்டும்' என்றால் 'வரைக்கும்'. இதையே ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் 'சென்ட் த போர்ம் அன்டில் ப்ரைடே' என்று எழுதிவிடுகிறார்கள். வெள்ளி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இரு என்று அதற்குப் பொருள்! நீள்வது அவகாசம், அனுப்புவது ஒரு கணத்தில் முடிகிற வேலை. ஆகவே 'சென்ட் த போர்ம் பை ப்ரைடே'.

வினையைப் பார்த்தால் போதும். காத்திரு, தங்கு, தூங்கு, திறந்திரு என நீளும் வினைக்கு 'அன்டில்'. அனுப்பு, திருப்பிக் கொடு, வந்துசேர், முடி என ஒரு கணத்தில் முடிகிற வினைக்கு 'பை'. 'யூ கேன் பே அன்டில் ப்ரைடே' மட்டும் எப்படிச் சரி? கட்டுவது நீளவில்லை, கட்டலாம் என்ற அனுமதி நீள்கிறது.

எதிர்மறையில்தான் உண்மையான சிக்கல். "அக்கரைப்பற்று பஸ் ஆறு மணி மட்டும் வரல்ல" என்றால், ஆறுக்குப் பிறகு வந்ததா என்பது நமக்குத் தெரியாது. ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. 'த பஸ் டிடன்ட் அரைவ் அன்டில் சிக்ஸ்' என்றால் பஸ் ஆறு மணிக்குத்தான் வந்தது. 'த பஸ் ஹேடன்ட் அரைவ்ட் பை சிக்ஸ்' என்றால் ஆறாகியும் வரவில்லை, பிறகு என்ன நடந்ததோ தெரியாது. முறைப்பாட்டுக் கடிதத்தில் இவை மாறினால் நடந்த விஷயமே மாறிவிடும்.

"அவர் வராத வரைக்கும்" என்ற நம் வழக்கைப் பார்த்து 'அன்டில் ஹீ டசன்ட் கம்' என்று எழுதவே கூடாது. 'அன்டில் ஹீ கம்ஸ்' போதும். எதிர்காலத்தைப் பற்றிப் பேசினாலும் அங்கே 'வில்' வராது. 'அன்டில்' தன் பின்னால் ஒரு முழு வாக்கியத்தையே ஏற்கும். 'பை' ஏற்காது, 'பை த டைம்' வேண்டும்: 'பை த டைம் த ட்ரெயின் ரீச்சஸ் பட்டிக்கலோ, இட் வில் பி டார்க்.'

'டில்' என்பதும் 'அன்டில்' என்பதும் ஒன்றுதான். எழுத்தில் 'டில்'லுக்கு இரண்டு எல், 'அன்டில்'லுக்கு ஒன்று.

'பை ப்ரைடே' என்றால் பொதுவாக வெள்ளியும் சேர்த்திதான். ஆனால் 'வெள்ளிக்குள்' என்பதைச் சிலர் வியாழனோடு முடிக்கிறார்கள். கந்தோர்க் கடிதம் என்றால் நேரத்தையும் போட்டு 'பை ஃபோர் பீ.எம். ஒன் ப்ரைடே' என்று எழுதுங்கள்.