பயோமார்ஃபர்: மூன்று ஆண்டுகள் பழகிய பிறகு

வீடுகளின் முதல் வரைவுக்கு மூன்று ஆண்டுகளாகப் பயோமார்ஃபரைப் பயன்படுத்தி வருகிறேன். ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில், அளவுகளையும் விதிகளையும் இணைத்து வடிவங்களை உருவாக்கும் பகுதி கிராஸ்ஹாப்பர். அதற்குள் இயங்கும் இலவசத் துணைநிரல்தான் பயோமார்ஃபர். அதற்கு முன்பு கிராஸ்ஹாப்பரோடு சேர்ந்தே வரும், சிறந்த அளவுகளைத் தானே தேடும் கலாபகோஸை வைத்துக் காலம் தள்ளினேன்.

கலாபகோஸிடம் ஒரே ஓர் எண்ணைக் கொடுத்து, குறை அல்லது கூட்டு என்று சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு, மேற்கு வெயிலைக் குறைக்கச் சொல்லி இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால், நான் அனுமதித்த மிகச் சிறிய அளவுக்கு ஜன்னல்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. வெயில் வராதுதான், காற்றும் வராது. அதைக் குறை சொல்ல முடியாது, நான் கொடுத்த எண் அப்படி. காற்றுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என்று எண்ணுக்குள் எண்ணைத் திணித்துக்கொண்டே போகலாம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்தால் தெரு தெரிய வேண்டும், சமையலறையிலிருந்து வாசலில் வருபவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் சூத்திரம் எழுதி முடிப்பதற்குள் வீட்டையே கையால் வரைந்துவிடலாம்.

பயோமார்ஃபரில் தேர்வு என் கையில். ஒரு தலைமுறையில், அதாவது ஒரு சுற்றில், எத்தனை வடிவங்கள் இருந்தாலும், ஒத்தவற்றைக் கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டை மட்டும் திரையில் நிறுத்தும். பிடித்தவற்றைச் சொடுக்கினால் அவை பெற்றோர். அவற்றின் அளவுகளில் கலப்பும் சடுதிமாற்றமும் (தற்செயலான சிறு மாறுதலும்) நடந்து அடுத்த பன்னிரண்டு வரும். பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986-இல் கோட்டுருவங்களை இப்படித்தான் கண்ணால் தேர்ந்து வளர்த்துக் காட்டினார். அந்த உருவங்களுக்கு வழங்கிய பயோமார்ஃப் என்ற பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. வெயில் கணக்கு போன்ற எண்களையும் படத்தோடு பார்க்கலாம். வழி தவறினால் பழைய தலைமுறைக்குத் திரும்பி வேறு கிளை பிரிக்கலாம். நான் அதிகம் தொடுவது அந்த வசதியைத்தான்.

மெதுவாக ஓடும். நாற்பத்தெட்டு வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் வெயில் கணக்குக்கு எட்டு நொடி என்றால், என் மடிக்கணினியில் ஒரு தலைமுறைக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதைவிடப் பெரிய தொல்லை என் கண். தேர்ந்தெடுக்கும் மனிதர் களைத்துப்போவதே இவ்வகை முறைகளின் முக்கியச் சிக்கல் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஹிதேயுகி தகாகி 2001-லேயே எழுதிவிட்டார். எனக்கு ஏழாவது தலைமுறையில் அது தெரியும்: சமச்சீராக இருப்பதையெல்லாம் சொடுக்கத் தொடங்கிவிடுவேன். ஒருமுறை நள்ளிரவு வரை தேர்ந்தெடுத்துவிட்டு மறுநாள் பார்த்தேன். பன்னிரண்டில் பாதி, நான் முன்பே கட்டிய வீடுகளின் தங்கைகள்! இப்போதெல்லாம் ஒரே அமர்வில் ஐந்து தலைமுறை, அதோடு மூடிவிடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு மடிப்புக் கூரை வளர்ந்து வந்தது. வெயில் எண் அருமை, பார்க்கவும் அழகு. பெருமையாக மேஸ்திரியிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூர்ந்து பார்த்தார்.

"தம்பி, இந்த மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்?"

எந்தப் பக்கமும் இறங்காது. இரண்டு மடிப்புகள் சேரும் பள்ளம், கூடத்துக்கு நேர் மேலே தொட்டி மாதிரி நின்றது. ஐந்து தலைமுறையாக நான் அதைத்தான் ஆசையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கூரையின் தாழ்ந்த புள்ளி வெளிச்சுவரிலிருந்து எவ்வளவு உள்ளே விழுகிறது என்பதையும் ஓர் எண்ணாகச் சேர்த்த பிறகு அந்தத் தொட்டிகள் மறைந்துவிட்டன. முதல் தலைமுறை வந்ததுமே மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்கார வைப்பதும் அன்று தொடங்கிய பழக்கம். பன்னிரண்டில் எட்டையாவது பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுகிறார். கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார். அவற்றில் இதுவரை நான்கை எண்ணாக்கியிருக்கிறேன்.