மொட்டை மாடி சோபாவுக்கு எந்த கவர்? சில மழைக்காலங்கள் பார்த்தபின் எழுதுகிறேன்

மாடியில் போட்ட சோபா மழையில் கெட்டுவிடும் என்று பயந்துதான் எல்லோரும் கவர் தேடுகிறார்கள். திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கூரை இல்லாத மொட்டை மாடியில் சில வருடங்களாக ஒரு செட்டைக் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் மழைக்கு மூன்றாவது இடம்தான். முதல் எதிரி வெயில், அது சோபாவைத் தொடுவதற்கு முன்னால் கவரையே தின்றுவிடும். இரண்டாவது, கவருக்கு உள்ளேயே சேருகிற புழுக்கம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு “100% வாட்டர்ப்ரூஃப்” என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து வாங்குகிற கவர் நம் ஊர் சித்திரை வெயிலை ஒரு முறை தாண்டினாலே பெரிய விஷயம்.

மாடியில் இருப்பது என்னவென்றால், பிரம்பு மாதிரி பின்னிய பிளாஸ்டிக் சோபா ஒன்று, அதே பின்னலில் இரண்டு நாற்காலி, கண்ணாடி போட்ட டீப்பாய், இரும்புக் கம்பத்தில் தொங்கும் கூண்டு ஊஞ்சல், அப்புறம் மாமியார் வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு பெஞ்ச். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. ஒரே கவர் எல்லாவற்றுக்கும் சரிவராது.

முதலில் போட்டது ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த வெள்ளி நிற கவர். கார் கவருக்கு எடுக்கிற அதே 190டி பாலியெஸ்டர் துணி, உள்பக்கம் மெல்லிய பூச்சு. வந்த புதிதில் வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஒழுங்காகவே இருந்தது. கத்திரி முடிந்து ஒரு நாள் கழற்றும்போதுதான் தெரிந்தது: உள்பக்கம் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, கொஞ்ச நாளில் அந்தப் பூச்சு பொடுகு மாதிரி வெள்ளை வெள்ளையாக உதிர ஆரம்பித்தது. சோபாவின் பின்னல் இடுக்குகளில் அது போய் உட்கார்ந்துகொண்டு, பழைய டூத் பிரஷ் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது. பூச்சு போனபின் துணி வெறும் சல்லடைதான். இது அந்தக் கடைக்காரரின் ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். பாலியூரித்தேன் பூச்சின் குணமே அது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்து இருக்கிற இடத்தில் அது மெதுவாக உடையும், முதலில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். பரணில் மடித்துப் போட்ட ரெயின்கோட்டும் மலையேறுகிற பையும் உள்ளே ஒட்டிக்கொள்வது இதே காரணத்தால்தான். சென்னையில் சூடு இல்லாத மாதமும் குறைவு, ஈரப்பதம் இல்லாத மாதமும் குறைவு.

இங்கே இன்னொன்று. பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 190டி, 210டி (ஆங்கிலத்தில் T) என்று ஒரு வகை, 600 டினியர் (ஆங்கிலத்தில் D) என்று ஒரு வகை. முதலாவது ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்குமாக எத்தனை நூல் ஓடுகிறது என்ற கணக்கு. இரண்டாவது நூல் எவ்வளவு தடிமன் என்ற கணக்கு, 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். 600 டினியர் என்றால் நூல் தடிமன், கிழியாது, அவ்வளவுதான். தண்ணீர் தாங்குமா என்பதை உள்பக்கப் பூச்சுதான் முடிவு செய்யும், வெயில் தாங்குமா என்பதை நூலில் கலந்த மருந்தும் சாயமும் முடிவு செய்யும். சாயத்தில் இரண்டு வகை. நூல் இழுக்கும் முன்பே நிறத்தைக் கலப்பது ஒன்று, நெய்தபின் துணியை முக்கி எடுப்பது மற்றொன்று. முதல் வகை விலை கூடுதல், ஆனால் எளிதில் வெளுக்காது. கடைகளுக்கு வெளியே சன்பிரெல்லா என்ற பிராண்டு துணியில் போட்டிருக்கும் பந்தல்கள் வருடக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்பது இதனால்தான். விற்பவரிடம் கேட்டால் பாதிப் பேருக்கு நாம் என்ன கேட்கிறோம் என்றே புரிவதில்லை, ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளி கவர் போனபின் அவசரத்துக்கு ஹார்டுவேர் கடையில் நீலத் தார்ப்பாய் வாங்கி மூடினோம். மெல்லிய நீலத் தார்ப்பாய் ஒரு சீசன் சாமான், அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. வெயிலில் நொறுங்கி நீல நீலத் துணுக்குகளாகக் காற்றில் பறக்கும், பக்கத்து வீட்டுத் துளசி மாடம் வரைக்கும் போனது. தார்ப்பாயே வேண்டுமென்றால் கறுப்பு நிறம் பாருங்கள். பாலிஎத்திலீனில் கரித்தூள் கலந்தால் வெயிலை நன்றாகத் தாங்கும், மாடியில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருப்பதில் அந்தக் கணக்கும் உண்டு. கறுப்பில் சூடு ஏறும் என்பது உண்மை, பிளாஸ்டிக் பின்னலுக்கு நேராகப் படும்படி இறுக்கிக் கட்டாமல் இருந்தால் போதும்.

இப்போது சோபா மேல் இருப்பது 600 டினியர் துணி, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், இரண்டு பக்கமும் கைக்குட்டை அளவுக்கு மூடி வைத்த காற்றுத் துளைகள். விலை வெள்ளி கவரைப்போல மூன்று மடங்குக்கு மேல். போட்டு நாளாகிவிட்டது, மேல்பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, தெற்கு மூலையில் தையல் ஒருமுறை விட்டது, மற்றபடி உயிரோடு இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது தண்ணீர் இறங்காமல் தடுப்பது கூட இல்லை, அந்தக் காற்றுத் துளைதான்.

ஏன் என்றால், மழை விட்ட மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும்போது பழைய கவரைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். மேலே காய்ந்திருக்கும். உள்ளே கவரின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் தொங்கும், தட்டினால் சோபா மேலேயே கொட்டும். மேலிருந்து கசிந்த தண்ணீர் இல்லை அது. தளத்தில் தேங்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே ஏறி, வெளியே போக வழியில்லாமல் துணியில் ஒட்டி மறுபடி சொட்டுகிறது. குஷனின் ஓரத் தையல் நெடுக மிளகைத் தூவியது போலப் பூஞ்சை பிடித்ததும் இதனால்தான், ஒரு துளி மழை படாமலே. அதனால் கவர் தரையைத் தொடவே கூடாது, நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். கால்களுக்கு அடியில் ஓட்டுத் துண்டோ ரப்பர் புஷ்ஷோ வையுங்கள், இரும்புக் கால் துருப்பிடிப்பதும் குறையும். எங்கள் மாடியில் வெள்ளை நிறக் குளிர்ச்சி ஓடு பதித்திருக்கிறது. அதிலிருந்து வெயில் எதிரொளித்துக் கவரின் கீழ்ஓரத்தையும் வாட்டுகிறது, வெளுத்துப்போனதில் அந்த ஓரம்தான் முதலிடம்.

தண்ணீர் தேங்குவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டீப்பாய் மேல் தட்டையாகக் கவர் போட்டால் நடுவில் குழி விழும், அதில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீரின் பாரத்தில் தையல் இழுபடும், அங்கேயிருந்துதான் ஒழுக ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை கொசு. ஐப்பசியில் ஒருநாள் கொசு ஒழிப்புக்காக வீடு வீடாகப் பார்க்க வந்த மாநகராட்சிப் பணியாளர் மாடிக்கு வந்து, தொட்டியைப் பார்த்தார், பூந்தொட்டித் தட்டுகளைப் பார்த்தார், கடைசியில் டீப்பாய் கவரின் மடிப்பை விரலால் விலக்கி, “இங்க பாருங்கம்மா, புழு நெளியுது” என்றார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது அதில். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். இதற்கென்று காற்றடைத்த பந்தெல்லாம் விற்கிறார்கள். பழைய பிளாஸ்டிக் வாளியைக் கண்ணாடி மேல் கவிழ்த்துவிட்டு அதன் மேல் கவரை இழுத்துக் கட்டினால் கூடாரம் மாதிரி நின்றுவிடும், தண்ணீர் வழிந்து ஓடிவிடும். கண்ணாடியின் நாலு முனைக்கும் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செருகியிருக்கிறேன், இல்லாவிட்டால் முனை உரசி கவரில் ஓட்டை விழும்.

அளவு பற்றிக் கேட்பவர்களுக்கு: சோபாவின் நீள அகல உயரத்தை குஷனோடு அளக்காதீர்கள், குஷன் இல்லாமல் அளந்து எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். “பெரிசா இருந்தா நல்லதுதானே” என்பார்கள். இல்லை. தொளதொளவென்று இருக்கிற கவர் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அந்த உரசலிலேயே பூச்சு தேயும், மடிப்புகளில் தண்ணீர் வேறு நிற்கும். குஷனை எதற்குக் கணக்கில் எடுக்கவில்லை என்றால், குஷனை மழைக்காலத்தில் வெளியே வைப்பதே வீண். எந்த கவரும் குஷனைக் காப்பாற்றாது. உள்ளே இருக்கிற ஃபோம் காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னைக்கு வருடத்தில் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது, அந்த மூன்று மாதமும் குஷன் வீட்டுக்குள்ளே கட்டிலுக்கு அடியில். இடைஞ்சல்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

கூண்டு ஊஞ்சலுக்கு ரெடிமேடில் சரியான அளவே கிடைக்கவில்லை. ஒன்று மேலே கொக்கி இடிக்கும், இல்லை கீழே பாவாடை மாதிரி புரளும். ஆட்டோ சீட்டும் டாப்பும் தைக்கிற கடையில் கொடுத்துத் தைத்தோம், அதுதான் இருப்பதிலேயே திருப்தியான ஏற்பாடு. பிவிசி பூசிய துணியை அவரே பாரிமுனையில் வாங்கி வந்தார். நான் நாலு பக்கமும் ஜிப் வைத்து அடிவரை மூடச் சொன்னேன். “அப்படி மூடுனா உள்ள வேர்த்துக் கொட்டும்மா, அடிய திறந்து விட்டு நாடா போட்டு கட்டிக்குங்க” என்று அவர் பாட்டுக்கு வெட்டிவிட்டார். காசு வாங்கியதும் கம்மி. ஒரே ஒரு விஷயம் மட்டும் நாமே சொல்ல வேண்டும்: நூல். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும். நைலான் பலம்தான், ஆனால் வெயிலுக்கு பாலியெஸ்டர் நூல்தான் தேவலாம். துணி நன்றாக இருக்கும்போதே கவர் வீணாவது பெரும்பாலும் தையல் பிரிவதால்தான். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒழுகுகிற இடம் என்பதால் மேல்தையலை மடித்து இரட்டையாகப் போடச் சொல்லுங்கள். ஜிப் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பல், பிளாஸ்டிக் ரன்னர். உப்புக்காற்றில் இரும்பு ரன்னர் ஒரு மழைக்காலத்துக்குள் இறுகிப்போகும், மெழுகுவத்தி தேய்த்தாலும் கொஞ்ச நாள்தான் ஓடும்.

தேக்கு பெஞ்சுக்கு நான் கவரே போடுவதில்லை. தேக்கு வெயிலில் சாம்பல் நிறமாக மாறும், அது பார்வைக்குத்தான் மாற்றம், மரம் கெடவில்லை. மூடி வைத்தால்தான் உள்ளே ஈரம் தங்கிக் கறுப்புப் புள்ளி விழும். நிறம் போகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் வருடம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மாமியாருக்கு மட்டும்தான் அந்த வருத்தம்.

புயலுக்குக் கவர் போட்டுக் கட்டிவிட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எதிர்வீட்டு மாடியில் கவரோடு கட்டியிருந்த நாற்காலியை, கவர் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து, மாடிச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போனதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். புயல் எச்சரிக்கை வந்தால் நான் செய்வது நேர்மாறு: கவரைக் கழற்றி மடித்து வைத்துவிடுவேன், நாற்காலிகளையும் டீப்பாயையும் படிக்கட்டு அறைக்குள் தள்ளுவேன், கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கிவிடுவேன், சோபாவை மட்டும் சுவரோரம் குப்புறக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டுவேன். பிளாஸ்டிக் பின்னல் நனைந்தால் ஒன்றும் ஆகாது, காய்ந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் இப்படித்தான், ஒரு கீறல் இல்லை. சாதாரணக் காற்றுக்கு பக்கிள் நாடாவை சோபாவின் காலைச் சுற்றிப் போட்டால் போதும்.

கழுவுவது சுலபம். வாஷிங் மெஷினில் மட்டும் போடாதீர்கள், பூச்சு கசங்கி விரிசல் விடும். தளத்தில் விரித்து, பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு, மென்மையான பிரஷ், அப்புறம் பைப் தண்ணீர். காக்கா எச்சத்தை அன்றன்றைக்கே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள், காய்ந்தபின் சுரண்டினால் பூச்சோடு வரும். இரண்டு பக்கமும் முழுசாகக் காய்ந்தபின்தான் மடிக்க வேண்டும். காற்றுத் துளையின் மடிப்பை விரித்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் பல்லி முட்டை இல்லாமல் அது இருந்ததே கிடையாது.

பைக் கவரை நாற்காலிக்குப் போடலாமா என்று தங்கை கேட்டாள். ஒற்றை நாற்காலிக்கு அளவு கிட்டத்தட்ட ஒத்துவரும், கண்ணாடிக்காக விட்டிருக்கும் இரண்டு புடைப்புகள் காது மாதிரி தொங்கும், அதில் தண்ணீர் கோக்கும். அந்த இரண்டையும் உள்பக்கம் மடித்து ஒரு தையல் போட்டுவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குத் தாராளமாக ஓடும்.