எச்எக்ஸ்711, ஏடிஎஸ்1232: ஆறு வருடம் எடை மெஷினில் ஓட்டிய அனுபவம்

எடை மெஷின் ரிப்பேர் என் தொழில். ஆலைக்குள் கலவை பார்க்கும் மெஷின்களுக்கு மட்டும் சொந்தமாக போர்டு செய்து கொடுக்கிறேன். (கடை வியாபாரத்துக்கு வேண்டாம். மாடல் அப்ரூவல் உள்ள மெஷினுக்குத்தான் முத்திரை போடுவார்கள்.)

எடை பட்டால் சிறு வோல்ட்டேஜ் தரும் சென்சார்தான் லோடு செல். அந்த வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் சிப்கள்தான் தலைப்பில் உள்ள இரண்டும். முதலில் எடுத்தது எச்எக்ஸ்711. 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். 30 கிலோவில் 5 கிராம் காட்ட 6,000 பிரிவு போதும், அப்புறம் என்ன கவலை என்று நினைத்தேன். மேசைத் தராசில் கவலையே வரவில்லை. மாட்யூல் லோடு செல்லுக்குக் கொடுப்பது சுமார் 4.3 வோல்ட். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் 40 கிலோ செல்லில், 30 கிலோ வைத்தால் ஆறரை மில்லிவோல்ட் வரும். அதாவது ஒரு பிரிவுக்கு ஒரு மைக்ரோவோல்ட். சிப்பின் இரைச்சல் மேலும் கீழுமாகச் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

உதைத்தது 300 கிலோ பிளாட்பாரத்தில். நான்கு மூலையிலும் 200 கிலோ செல். பலமாக இருக்கட்டும் என்று போட்டது! 800 கிலோ தாங்கும் மெஷினில் 300 கிலோ வைத்தால் மூன்றே கால் மில்லிவோல்ட்டைத் தாண்டாது. பிரிவுக்கு அரை மைக்ரோவோல்ட் என்று ஆனதும் கடைசி இலக்கம் ஆடத் தொடங்கிவிட்டது. அங்கே ஏடிஎஸ்1232-க்கு மாறினேன். எச்எக்ஸ்711-இன் இரைச்சல் 50 நானோவோல்ட் ஆர்எம்எஸ் (மேலும் கீழுமாக இல்லாமல் சராசரியாகப் பார்க்கும் அளவு), இதற்கு 17. இலக்கம் நின்றுவிட்டது. சிப் ஒப்பிட்டு அளக்கும் வோல்ட்டேஜைக் கொடுக்கும் ரெஃபரன்ஸ் பின்கள் தனியாக இருப்பதால், ஆறு வயர் செல்லின் சென்ஸ் வயரை (செல்லில் உண்மையில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று சொல்லும் வயர்) நேராக அதில் கொடுக்கலாம். கேபிள் நீளமானாலும் கணக்கு கெடாது. விலை அதிகம். கால்கள் நெருக்கமாக இருப்பதால் கையில் சால்டர் வைக்கும்போது கண் வலிக்கும்.

எச்எக்ஸ்711-இல் பட்ட பாடும் உண்டு. ஒரு முறை வந்த பச்சை மாட்யூல்களில் ஈ மைனஸ் (செல்லுக்கு வோல்ட் கொடுக்கும் மைனஸ் முனை) கிரவுண்டோடு சேரவே இல்லை. ஒரு துண்டு வயரில் தீர்ந்தது, கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. இன்னொரு மெஷினில் தினமும் ஓரிரு முறை சம்பந்தமில்லாத எடை வந்தது. ரீடிங்கைப் படிக்க கன்ட்ரோலர் துடிப்பு அனுப்பும் கிளாக் லைன் 60 மைக்ரோவினாடிக்கு மேல் ஹையில் நின்றால் சிப் தூங்கிவிடும். கன்ட்ரோலரின் வைஃபை வேலை குறுக்கே வந்து அதை அப்படி நிறுத்திவைத்திருக்கிறது. படிக்கும்போது மட்டும் இன்டரப்டை (இப்படிக் குறுக்கே வரும் வேலையை) நிறுத்தினேன், சரியாகிவிட்டது.

தொட்டி நிரப்பும் இடத்தில் வால்வு சீக்கிரம் மூட வேண்டும். வினாடிக்கு 10 ரீடிங்கில் எடை பின்தங்கி வந்து மாவு அதிகமாக விழுந்தது. 80-க்கு மாற்றினால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் உள்ளே வந்தது. கடைசியில் 80-ஐயே வைத்து எட்டெட்டு ரீடிங்காகச் சராசரி எடுத்தேன். எட்டு ரீடிங் 100 மில்லிவினாடி, 50 ஹெர்ட்ஸில் சரியாக ஐந்து சுற்று. அதனால் இரைச்சல் பெருமளவு தானே கழிந்துவிடுகிறது.

இந்த ஆறு வருடத்தில் சிப் செத்துப் போனது இரண்டே முறை, இரண்டும் இடியில். மழைக்காலத்தில் எடை தானாக நகர்கிறது என்று போன் வந்தால் இப்போதெல்லாம் இண்டிகேட்டரைத் திறப்பதே இல்லை. நேராக பிளாட்பாரத்துக்கு அடியில் குனிந்து, செல் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, எறும்பைத் தட்டிவிட்டு, ஹேர் டிரையரை வைக்கிறேன்.