கடலூரில் வாடகை வீடு தேடுகிறவர்கள் படிக்கவும்: "ஏரியா பார்த்துத் தருகிறோம்" என்று சொல்லி 52,000 ரூபாயை வாயில் போட்டுக்கொண்டார்கள்

இப்போதுதான் அந்த வீட்டு ஏஜென்ட் போனை வைத்தான். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 52,000 ரூபாய். திரும்ப வராதாம்.

என் வீட்டுக்காரருக்குக் கடலூருக்கு மாற்றல். நாங்கள் சேலம், கடலூரில் சொந்தபந்தம் யாரும் கிடையாது. பையனுக்கு மஞ்சக்குப்பத்தில் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, ஜூனுக்குள் குடிவர வேண்டும். அப்போதுதான் வாடகை வீடு தேடித்தரும் செயலி ஒன்று கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. 4,000 ரூபாய் கட்டினால் வீட்டோடு ஏரியாவையும் அலசித் தருவார்களாம். மழைக்குத் தண்ணீர் நிற்குமா, போர் தண்ணீர் உப்பா, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாகக் கடைக்குப் போய் வரலாமா, எல்லாம் சொல்ல உள்ளூர் ஆள் ஒருத்தர் இருப்பாராம்.

அந்த உள்ளூர் ஆள் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். முதல் நாளே "தங்கச்சி, காசுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தான். முதுநகர் தாண்டி சிதம்பரம் ரோட்டில் ஒரு வீடு கேட்டேன். "சிப்காட் பக்கம் தங்கச்சி, காத்து திரும்புனா கெமிக்கல் வாடை வரும், சின்னப் பையனை வச்சிட்டு வேணாம்" என்றான். தேவனாம்பட்டினத்தில் வாடகை குறைவாக இருக்கிறதே என்றேன். 2004 சுனாமியைச் சொன்னான். திருப்பாப்புலியூரில் கெடிலம் ஆற்றோரமாக ஒன்று பார்த்தோம், 2015 வெள்ளத்தைச் சொல்லி அதையும் தள்ளிவிட்டான். நான் பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தேன், சொன்னது அத்தனையும் நிஜம். மற்ற இடத்தைப் பற்றியெல்லாம் உண்மையைச் சொல்கிற ஆள் கடைசியாகக் காட்டிய ஒரு வீட்டுக்கு மட்டும் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்? அவனுக்குக் கமிஷன் வருகிற வீடு அந்த ஒன்றுதான் என்பது இப்போதுதானே தெரிகிறது.

அந்த வீடு ஆல்பேட்டை தாண்டி உள்ளே, தென்பெண்ணை ஆற்றுப் பக்கம். நான் வாய்விட்டே கேட்டேன்: "அண்ணே, 2024 ஃபெஞ்சல் புயலப்போ இந்த ஆத்துல மேல இருக்கிற சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டாங்களே, 1.68 லட்சம் கனஅடின்னு நியூஸ்ல போட்டாங்களே, இங்க வந்துச்சா?" ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது தாழ்வான பக்கம் தங்கச்சி. நம்ம தெரு மேடு. தெருமுனைகூட நனையலை." வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டினான். கேமரா முழுக்க ஜன்னல், ஃபேன், மேல் அலமாரி. தரைப் பக்கம் இறங்கவே இல்லை. புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. வாடகை 8,000. ஐந்து மாத அட்வான்ஸ் 40,000, கமிஷன் 8,000, செயலிக்குக் கட்டிய 4,000. மொத்தம் 52,000, எல்லாம் ஜிபே.

பால் காய்ச்சப் போன அன்றைக்கு வாசலில் நின்றபோதே பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாங்க. "இந்த வீட்டுக்கா வர்றீங்க? முன்னாடி இருந்தவங்க வெள்ளத்தோட காலி பண்ணிட்டாங்களேம்மா." கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனாங்க. காம்பவுண்டு சுவரில் என் இடுப்புக்கு மேலே பழுப்பாக ஒரே நேர்கோடு. வீட்டுச் சுவரில் மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மோட்டாரை ஆளுயர மேடை கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்கள். மேட்டுத் தெருவில் எவன் மோட்டாருக்கு மேடை கட்டுவான்?

பால் காய்ச்சவில்லை. அங்கிருந்தே போன் போட்டேன். "ஓனர்கிட்ட பேசிட்டு சொல்றேன் மேடம்" என்றான். அப்புறம் பேசவே இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஓனர் வெளிநாட்டிலாம். அவர் தம்பி எடுத்து "பணத்தை ஏஜென்ட் கையில்தானே கொடுத்தீங்க, அவரைக் கேளுங்க" என்கிறார். செயலியின் உதவி எண்ணுக்கு அடித்தால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, பாட்டு முடிந்து வந்த பெண் "உங்க புகார் பதிவாகி இருக்கு மேம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். சாயங்காலம் குறுஞ்செய்தி: புகார் தீர்க்கப்பட்டது. எதைத் தீர்த்தீர்கள்? 52,000 வந்துவிட்டதா? மறுபடி அடித்தால் "ஏரியா விவரம் என்பது ஆலோசனை மட்டுமே, இறுதி முடிவு வாடிக்கையாளருடையது" என்று எழுதி வைத்ததைப் படிக்கிறார்கள். ஆலோசனைக்குத்தானே ஐயா 4,000 வாங்கினீர்கள்!

இன்றைக்குக் கடைசியாக அந்த ஆளே எடுத்தான். பதினொரு மாதம் முடியும் முன்னால் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது என்று அக்ரிமென்ட்டில் இருக்கிறதாம். குடியே போகாத வீட்டை எங்கே காலி செய்வது? "வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க மேடம், மஞ்சக்குப்பத்துலதான் இருக்கு" என்று வழி சொல்லிவிட்டு வைத்தான்.

கடலூரில் எந்த ஏரியா நல்லது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்குச் சில மட்டும். ஆற்றோரம், கடலோரம் எந்த நகராக இருந்தாலும் வீட்டைப் பார்க்கும் முன் பின்சுவரையும் மோட்டார் மேடையையும் பாருங்கள். தெருமுனை மளிகைக் கடையில் "டிசம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு" என்று கேளுங்கள், வந்துச்சா என்று கேட்காதீர்கள். ஓனர் முகத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். 2017 வாடகைச் சட்டப்படி வீட்டுக்கு மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ், அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும். எங்களுடையதில் ஐந்து என்று அவனே எழுதியிருக்கிறான். வரிவரியாகப் படியுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தாயிற்று. அடுத்து ஸ்டேஷன். இதே ஆளிடம் கடலூரில் வேறு யாராவது ஏமாந்திருந்தால் உள்பெட்டிக்கு வாங்க, சேர்ந்து போய்க் கொடுக்கலாம். 52,000 ரூபாயை அப்படியே விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.