கார் ஷெட்டுக்கு ரோலிங் ஷட்டர் போடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் புது வீடு கட்டி, கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் சொல்லும் ரேட்டை வைத்து யாருக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள். எங்களுக்கு 38,800 ரூபாய் என்று சொன்ன ஷட்டர் கடைசியில் 69,030 ரூபாயில் வந்து நின்றது. சொன்ன தகடும் இல்லை, சொன்ன மோட்டாரும் இல்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

எங்கள் தெரு குறுகல். கேட்டை வெளிப்பக்கம் திறந்தால் எதிர்வீட்டு பைக்கில் இடிக்கும், உள்பக்கம் திறந்தால் கார் நிற்க இடம் போதாது. அதனால் ஷட்டர்தான் என்று முடிவு செய்தோம். வாசல் 10 அடி அகலம், 8 அடி உயரம். கணவருக்கு பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். கடைக்காரரோ எதைக் கேட்டாலும் "சார் வரட்டும் மேடம், சார்கிட்ட பேசிக்கிறேன்" என்பார். அட்வான்ஸ் 25,000 வாங்கும்போது மட்டும் சார் வரத் தேவைப்படவில்லை!

அவர் போட்ட கணக்கு இதுதான். 80 சதுர அடி, அடிக்கு 260 ரூபாய், ஆக 20,800. ரிமோட் மோட்டார் 18,000. "18 கேஜ் ஜி.ஐ. பட்டை, பவுடர் கோட்டிங், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். கேஜ் என்பது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண், ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு, பட்டை என்பது ஷட்டரில் ஒன்றோடொன்று கோத்திருக்கும் நீளத் தகடுகள், பவுடர் கோட்டிங் என்பது பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பெயின்ட். மற்ற இடங்களில் 300-க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. இவர் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் 260 என்று எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். கொட்டேஷன் என்று கையில் கிடைத்தது அந்த அட்டை ஒன்றுதான்.

ஷட்டரைப் பாதி மாட்டிய நிலையில், பட்டையெல்லாம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் மொத்தக் கணக்கை நீட்டினார்கள். 80 சதுர அடி அதில் 100 ஆகியிருந்தது. கைடு சேனலுக்குள், அதாவது இருபக்கமும் ஷட்டர் ஏறி இறங்கும் காடிக்குள் போகும் பகுதிக்காக அகலத்தில் அரை அடி, மேலே சுருளுவதற்காக உயரத்தில் ஒன்றரை அடி. பத்தரைக்கு ஒன்பதரை, ஏறக்குறைய 100 சதுர அடி. "எல்லாரும் இப்படித்தான் அளப்பாங்க மேடம்" என்றார். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஷட்டர் இறங்கியிருக்கும்போதும் மேலே ஷட்டர் சுருளும் குழாயில் கொஞ்சம் பட்டை சுற்றியிருக்க வேண்டும், அதற்கும் தகடு ஆகும். அதைச் சேர்த்துக் கணக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரேட் சொல்லும்போது வாசல் அளவு, பில் போடும்போது ஷட்டர் அளவு என்பதுதான் ஏமாற்று வேலை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பவுடர் கோட்டிங் தனி, 4,500. மேலே சுருளை மூடும் ஹூட் கவர் தனி, 3,500. வண்டி வாடகையும் ஃபிட்டிங்கும் 4,000. மோட்டாருக்கு ஒயர் இழுக்க 2,500. பில் வேண்டும் என்றால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. பில் வேண்டாம் என்றால் பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று ஆசை காட்டினார். நான் பில்லே போடுங்கள் என்றேன். இன்று புகாரில் இணைக்க என்னிடம் இருக்கும் உருப்படியான ஒரே காகிதம் அதுதான். அதில் "18 கேஜ்" என்றும் அச்சாகியிருக்கிறது.

இனி தகடு. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம், பெயின்ட் அடித்துவிட்டால் சுத்தமாக முடியாது. மாட்டி முடித்த மறுவாரம் மேல்காற்றில் ஷட்டர் நடுவில் உப்பிக்கொண்டு தடதடவென்று அடித்தது. உள்ளங்கையால் லேசாக அழுத்தினாலே பட்டை உள்வாங்கியது. பக்கத்து வீட்டு அண்ணன் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்ப்பவர். தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜ் கொண்டுவந்து ஓரத்தில் வைத்துப் பார்த்தார். பெயின்ட்டோடு சேர்த்தே 0.8 தான் வந்தது. ரோலிங் ஷட்டருக்கு ஐ.எஸ். 6248 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. மூன்றரை மீட்டர் அகலம் வரையிலான ஷட்டருக்கே பட்டை 0.9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது அது. எங்கள் வாசல் மூன்று மீட்டர்தான், அதற்குக்கூட இந்தத் தகடு தேறாது. அடிக்கு நாற்பது ரூபாய் குறைத்துச் சொல்ல எப்படி முடிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பவுடர் கோட்டிங் என்று 4,500 வாங்கினார்களே, அது ஸ்ப்ரே பெயின்ட். சாவியால் சுரண்டினால் தோலாக உரிந்து வருகிறது. பட்டையின் வெட்டு முனைகளில் நவம்பர் மழைக்கே துரு ஏறிவிட்டது.

மோட்டார் கதை தனி. "கரண்ட் போனால்?" என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டிருந்தேன். "செயின் இருக்கு மேடம், கையால ஏத்திக்கலாம்" என்றார். ஓரத்தில் மாட்டும் சைடு மோட்டாரில் அப்படிச் செயின் உண்டு. எங்களுக்கு வந்ததோ குழாய்க்குள் செருகும் ட்யூபுலர் மோட்டார். அதில் கை லிவர் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. எங்களுடையது இல்லாத ரகம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் லைனை நிறுத்திய ஒரு நாள், மாமனாருக்கு சி.எம்.சி. மருத்துவமனையில் செக்கப். கார் உள்ளே, ஷட்டர் கீழே. ஃபிட்டருக்கு போன் போட்டால், "அந்த மாடல்ல லிவர் வராதுக்கா, ஓனரைத்தான் கேக்கணும்" என்றான். அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. மாமனாரை ஆட்டோவில் அழைத்துப் போனோம். வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை. இந்த மோட்டார்கள் தொடர்ந்து நாலைந்து நிமிடம் ஓடினாலே சூடேறித் தானாக நின்றுவிடும், ஆறினால்தான் மறுபடி ஓடும். வேலூர் மே மாத வெயிலில், குழந்தைகள் ரிமோட்டை வைத்து ஏற்றி இறக்கி விளையாடினால் பாதியில் நின்று தொங்கும்.

தரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஷெட்டில் டைல்ஸ் போடுமுன் அளவெடுத்தார்கள். டைல்ஸ் வந்த பிறகு தரை ஒரு பக்கம் சற்று வாட்டமாக நின்றது. அடிப்பட்டை நேர்கோடு, தரை சாய்வு. இடது மூலையில் பெருச்சாளி நுழையும் அளவுக்குச் சந்து. ரப்பர் பீடிங் வைத்து அடைக்கலாமாம். அதுவும் தனியாம்.

ஆற்காட்டில் இன்னொரு பட்டறையில் இப்போது கொட்டேஷன் வாங்கினேன். ஒரு பக்கத்தாள்தான், ஆனால் தகடு மில்லிமீட்டரில் இருக்கிறது, ஜி.ஐ.யா சாதாரணத் தகடா என்று இருக்கிறது. அளவு வாசலிலா முழு ஷட்டரிலா, ஹூட் கவர், கோட்டிங், ஃபிட்டிங், வரி உள்ளடக்கமா, மோட்டாரின் மாடல் எண், கையால் ஏற்றும் வசதி, எத்தனை வருட வாரண்டி, எல்லாம் எழுத்தில். மாட்டும் முன் பெயின்ட் அடிக்காத துண்டுப் பட்டை ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தப் பெரியவர். அடிக்கு 310. பட்ஜெட் போடுகிறவர்கள் அடி ரேட்டை விட்டுவிட்டு, வீட்டில் மாட்டி ஓட்டிக் காட்டும் வரை மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை அசையவில்லை. வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். கடை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

பாக்கி 9,030 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் போன் வருகிறது. பில்லில் போட்ட 18 கேஜ் பட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.